முகமற்ற கொலையாளிகள் (ஸ்வீடிஷ் நாவல்)

முகமற்ற கொலையாளிகள் (1991) ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் எழுதிய துப்பறியும் நாவல். காவல் ஆய்வாளர் கர்ட் வாலண்டர் தோன்றும் நாவல் வரிசையில் முதலாவது. முதிய விவசாயத் தம்பதியரின் கொலை வழக்கையும், அதை விசாரிக்கும் அதிகாரியின் சிதறிய குடும்ப வாழ்க்கையையும் இணையாகச் சொல்கிறது. அகதிகள் மீது ஸ்வீடனில் வளர்ந்துவந்த வெறுப்பைப் பேசிய படைப்பாகவும் அறியப்படுகிறது.

ஆசிரியர்

ஹென்னிங் மான்கெல் 3 பிப்ரவரி 1948 அன்று ஸ்டாக்ஹோமில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். நீதிபதியான தந்தையிடம் வளர்ந்தார். நாடகத் துறையில் ஈடுபாடு கொண்டவர். 1980களில் இருந்து வாழ்நாளின் பெரும்பகுதியை ஸ்வீடனிலும் மொசாம்பிக்கிலுமாகக் கழித்தார். மொசாம்பிக்கின் தலைநகர் மபுடோவில் உள்ள நாடகக் குழுவை வழிநடத்தினார். 5 அக்டோபர் 2015 அன்று மறைந்தார். 

ஆப்பிரிக்காவிலிருந்து தாய்நாட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் அங்கு இனவெறுப்பு கூடிவருவதை மான்கெல் கண்டார். அதைப்பற்றி எழுதவே குற்றக்கதை வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார். இனவெறுப்பு ஒரு குற்றம், ஆகவே குற்றக்கதையே அதைச் சொல்வதற்கு ஏற்றது என்பது அவர் கருத்து. துப்பறிவாளருக்கான வாலண்டர் என்னும் பெயரைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

வெளியீடு

நாவல் 1991ல் ஸ்வீடிஷ் மொழியில் வெளியானது. ஸ்டீவன் டி. மர்ரியின் ஆங்கில மொழியாக்கம் 1997ல் வந்தது. வட ஐரோப்பிய நாடுகளின் சிறந்த குற்றப்புனைவுக்கு வழங்கப்படும் கண்ணாடிச் சாவி விருதை 1992ல் முதன்முதலாகப் பெற்ற நூல் இதுவே. ஸ்வீடனில் ரோல்ஃப் லாஸ்கார்ட் நடித்த தொலைக்காட்சித் தொடராகவும், பிரிட்டனில் கென்னத் பிரானா நடித்த தொலைக்காட்சிப் படமாகவும் வெளிவந்தது.

கதைச்சுருக்கம்

1990 ஜனவரி. ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள ஸ்கோனே மாவட்டத்தின் ஒரு சிற்றூர். விடியும் முன் விழித்துக்கொண்ட முதிய விவசாயி ஒருவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. பக்கத்து வீட்டுக் குதிரை வழக்கம்போலக் கனைக்கவில்லை. சென்று பார்க்கும்போது யோஹன்னஸ் லோவ்கிரென் கொடூரமாகக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அவர் மனைவி மரியா கழுத்தில் சுருக்குக் கயிற்றுடன் குற்றுயிராக இருக்கிறார். கயிற்றின் முடிச்சு வழக்கத்தில் இல்லாத ஒன்று. கொலைக்குப் பின் யாரோ குதிரைக்கு வைக்கோல் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் இறக்கும் முன் மரியா சொன்ன ஒரு சொல் மட்டுமே காவல்துறையிடம் எஞ்சுகிறது. அதன் பொருள் 'வெளிநாட்டைச் சேர்ந்த' என்பது. இது வெளியே தெரிந்தால் அகதி முகாம்கள் தாக்கப்படும் என்று அஞ்சி, இஸ்டாட் நகரின் ஆய்வாளர் வாலண்டர் அதை மறைக்க முயல்கிறார். ஆனால் செய்தி கசிந்து ஊடகத்துக்குச் சென்றுவிடுகிறது. தொலைபேசியில் மிரட்டல்கள் வருகின்றன. முகாமுக்குத் தீவைக்கப்படுகிறது. வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத சோமாலிய அகதி ஒருவர் சுட்டுக்கொல்லப்படுகிறார். அக்கொலையில் முன்னாள் காவலர் ஒருவருக்கும் பங்கிருப்பது தெரியவருகிறது.

மறுபுறம் லோவ்கிரெனின் மறைவாழ்க்கை வெளிப்படுகிறது. எளிய விவசாயி என்று ஊர் நம்பிய அவர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மானியர்களோடு வணிகம் செய்து பெரும்பணம் சேர்த்தவர். வேறொரு பெண்ணும் அவள் வழியே ஒரு மகனும் அவருக்கு உண்டு. மனைவிக்கு இவை எதுவும் தெரியாது. சந்தேகம் அந்த மகன் மீது விழுந்து பின் விலகுகிறது. வழக்கு மாதக்கணக்கில் தேங்குகிறது. கோடையில், வங்கி ஊழியரான ஓர் இளம்பெண்ணின் நினைவாற்றலால் முடிச்சு அவிழ்கிறது. லோவ்கிரென் வங்கியில் பெருந்தொகை எடுத்ததைப் பார்த்துப் பின்தொடர்ந்த இருவரே கொலையாளிகள். அவர்கள் புகலிடம் தேடி வந்த வெளிநாட்டவர்கள்.

வழக்கும் வீடும்

வழக்கு தொடங்கும்போது வாலண்டர் நாற்பதைக் கடந்தவர். மனைவி மோனா பிரிந்து சென்று சில மாதங்களே ஆகியிருக்கின்றன. மகள் லிண்டா பதினைந்து வயதில் தற்கொலைக்கு முயன்றவள். அதன்பின் தந்தையிடமிருந்து விலகிப்போனவள். வாலண்டரின் தந்தை ஓவியர். வாழ்நாள் முழுக்க ஒரே நிலக்காட்சியை ஆயிரக்கணக்கில் வரைந்து விற்றவர். சிலவற்றில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அவ்வளவுதான் வேறுபாடு. மகன் காவல்துறையில் சேர்ந்ததை அவர் மன்னிக்கவேயில்லை. இப்போது அவருக்கு நினைவு பிசகத் தொடங்கியிருக்கிறது. ஓர் இரவு, உறங்கும் உடையுடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் நடந்துசெல்கிறார். இத்தாலிக்குப் போவதாகச் சொல்கிறார்.

வழக்கமான துப்பறியும் நாவலில் நாயகனின் குடும்பச் சிக்கல் ஓர் அலங்காரம். இரண்டு துப்புகளுக்கு நடுவே வாசகன் இளைப்பாற அது உதவும். இந்நாவலில் அப்படி இல்லை. வழக்கும் வீடும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அவரை அறியாமலிருக்க முடியுமா? மரியா தன் கணவரை அறியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் அறியவில்லை. மோனா ஏன் சென்றாள் என்பது வாலண்டருக்குப் புரியவில்லை. மகள் ஏன் சாக நினைத்தாள் என்பதும் தெரியாது. பிறர் வீட்டு இழுப்பறைகளைத் திறந்து இரகசியங்களை எடுப்பவர் தன் வீட்டில் என்ன நடந்தது என்பதை அறியாமலிருக்கிறார். மான்கெல் இந்த ஒப்புமையை எங்கும் விளக்குவதில்லை. காட்சிகளை அடுத்தடுத்து வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

தந்தையைப் பராமரிப்பது பற்றிய பகுதிகள் நாவலின் மிகச்சிறந்தவை. வேலை நெருக்கடி ஒருபக்கம். தந்தையைப் போய்ப் பார்க்கவேண்டும் என்ற குற்றவுணர்ச்சி மறுபக்கம். போனால் சண்டை. போகாவிட்டால் உறுத்தல். ஸ்டாக்ஹோமிலிருந்து சகோதரி வந்து சில நாட்களில் ஏற்பாடுகளைச் செய்துவிடுகிறார். அண்மையிலேயே இருந்தும் தன்னால் செய்யமுடியாததை அவள் செய்ததில் வாலண்டருக்கு நிம்மதியும் சிறுமையும் ஒருங்கே ஏற்படுகின்றன. முதிய பெற்றோரைக் கொண்ட எந்த வாசகரும் அடையாளம் காணும் இடம் இது.

வாலண்டரின் வீழ்ச்சிகளையும் ஆசிரியர் மறைப்பதில்லை. பிரிந்த மனைவியிடம் திரும்பிவருமாறு கெஞ்சி மறுக்கப்பட்ட இரவில் அவர் குடித்துவிட்டுக் காரோட்டுகிறார். வழிமறித்த காவலர்கள் அவருக்குக் கீழ் பணியாற்றுபவர்கள். அவரை வீட்டில் கொண்டுசென்று விடுகிறார்கள், வழக்குப் பதிவதில்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று நம்பும் ஒருவர், தான் தப்பித்துக்கொண்டதை அறிந்தே மறுநாள் வேலைக்குச் செல்கிறார். முன்னாள் காவலர் ஒருவர் கொலையில் ஈடுபட்டதைச் சொல்லும் நாவலில் இக்காட்சிக்குத் தனி எடை உண்டு.

அந்த ஒரு சொல்

நாவலின் மீது வைக்கப்படக்கூடிய முதன்மையான கேள்வி அதன் முடிவு சார்ந்தது. அகதிகள் மீதான வெறுப்புக்கு எதிராக எழுதப்பட்ட நாவலில், கொலையாளிகள் உண்மையிலேயே வெளிநாட்டவர்கள் என்று முடிப்பது சரியா? முகாமுக்குத் தீவைத்தவர்கள் ஐயப்பட்டது சரியென்று ஆகிவிடாதா?

எளிய வழி ஒன்று ஆசிரியர் முன் இருந்தது. கொலையாளி அந்த இரகசிய மகன்தான் என்று முடித்திருக்கலாம். கதையும் அவ்வழியில் நெடுந்தூரம் செல்கிறது. வாசகர் அதை எதிர்பார்க்கவும் செய்கிறார். அப்படி முடிந்திருந்தால் நாவல் ஒரு நல்லெண்ணப் பாடமாகச் சுருங்கியிருக்கும். வெளிநாட்டவர் குற்றம் செய்வதில்லை என்பதனால்தான் அவர்களை வெறுக்கக்கூடாது என்ற பொருள் வந்திருக்கும். மான்கெல் சொல்வது அதைவிடக் கடினமானது. இருவர் கொலை செய்தார்கள். அவர்கள் வெளிநாட்டவர்கள். அதற்கும் சுட்டுக்கொல்லப்பட்ட சோமாலியருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மரியா சொன்ன சொல் உண்மையாகவே இருந்தபோதும், அதைக்கொண்டு ஒரு கூட்டத்தையே தண்டித்தவர்கள் கொலைகாரர்களே.

வாலண்டரும் வெறுப்புக்கு முற்றிலும் வெளியே நிற்பவர் அல்ல. நாட்டுக்குள் யார் வருகிறார்கள் என்று அரசுக்கே தெரியவில்லை என அவர் எரிச்சலடைகிறார். கொலையாளிகள் அகதிகளாக இருக்கட்டும், அப்போதாவது இந்த ஒழுங்கின்மை மாறும் என்று உள்ளூர எண்ணிக்கொள்ளவும் செய்கிறார். மகள் கென்யாவைச் சேர்ந்த மருத்துவ மாணவரோடு பழகுவதை அறியும்போது அவருக்கு ஏற்படும் தடுமாற்றமும் நேர்மையாகச் சொல்லப்பட்டுள்ளது. தன் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் ஒருவரின் கொள்கை சோதிக்கப்படுகிறது. இந்நாவல் குடும்பக் கதையையும் வழக்கையும் பிணைத்திருப்பதன் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஸ்வீடனின் சமூக ஜனநாயகத் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன் 1928ல் தன் நாட்டை 'மக்களின் இல்லம்' ஆக்கவேண்டும் என்றார். நலவாழ்வு அரசின் அடிப்படைப் படிமமாக அது நிலைத்தது. அந்த இல்லத்தில் யாருக்கு இடமுண்டு என்ற கேள்வியை மான்கெல் எழுப்புகிறார். வாலண்டரின் வெறுமையான அடுக்ககம், தந்தையின் தனித்த வீடு, லோவ்கிரெனின் பண்ணைவீடு, எரியும் அகதி முகாம் என நாவலில் வரும் வீடுகள் எதுவும் பாதுகாப்பானதாக இல்லை.

துணைக் கதாபாத்திரங்கள்

மூத்த அதிகாரி ரைட்பெர்க் நாவலின் சிறந்த பாத்திரப்படைப்பு. மெதுவானவர், நோயுற்றவர், அதிகம் பேசாதவர். தொடக்கத்திலேயே கயிற்றின் முடிச்சைக் கவனித்து அதைக் கடைசிவரை விடாமல் பற்றிக்கொள்பவர். வாலண்டருக்கு அவர் ஆசிரியர். தந்தையிடம் பெறமுடியாத ஏற்பை வாலண்டர் அவரிடமே பெறுகிறார். வழக்கு முடியும்போது ரைட்பெர்க் புற்றுநோயால் மரணத்தை நெருங்கிவிட்டார். வெற்றிக் களிப்பு எதுவுமின்றி, நோயுற்ற ஆசானுடன் அமர்ந்து பேசும் அமைதியில் நாவல் நிறைவடைகிறது.

குறைகள்

பெண் கதாபாத்திரங்கள் போதிய அளவு வளர்க்கப்படவில்லை. மோனாவின் தரப்பு நாவலில் இல்லை. அரசு வழக்கறிஞர் ஆனெட் பிரோலின் திறமையானவராக அறிமுகமாகி, வாலண்டரின் தனிமைக்கு ஆறுதலாகச் சுருங்கிவிடுகிறார். குடித்துவிட்டு வாலண்டர் அவரிடம் அத்துமீறுவதை நாவல் எளிதாகக் கடந்துசெல்கிறது. கொலையாளிகளும் தலைப்புக்கேற்ப முகமற்றவர்களாகவே எஞ்சுகிறார்கள். அவர்கள் எதை இழந்து வந்தவர்கள் என்பது சொல்லப்படவில்லை. அகதிகளை மனிதர்களாகக் காணச்சொல்லும் நாவலில் ஓர் அகதியின் குரல்கூட முழுமையாக ஒலிக்கவில்லை என்பது முக்கியமான குறை.

இலக்கிய இடம்

மாய் ஷோவால், பெர் வாலோ இணையர் 1965 முதல் 1975 வரை எழுதிய மார்ட்டின் பெக் நாவல்கள், குற்றக்கதையைச் சமூக விமர்சனத்துக்குரிய வடிவமாக ஸ்வீடனில் நிறுவின. முகமற்ற கொலையாளிகள் அம்மரபின் தொடர்ச்சி. அதில் மான்கெல் சேர்த்தது துப்பறிவாளரின் அகவாழ்வு. மகள், தந்தை ஆகியோருடனான உறவு இவ்வரிசையின் பிற நாவல்களிலும் வளர்ந்தது. பின்னாளில் லிண்டா தந்தையைப்போலவே காவல்துறையில் சேர்கிறாள். 2009ல் வெளியான நாவலில் தன் தந்தையைப்போலவே வாலண்டரும் நினைவை இழக்கத் தொடங்குகிறார். அதை அறிந்தபின் இம்முதல் நாவலுக்குத் திரும்பினால், உறங்கும் உடையுடன் வயலில் நடக்கும் முதியவரும் அவரைத் தடுத்து அழைத்துவரும் மகனும் வேறொரு பொருள் கொள்கிறார்கள்.

கொலையாளி யார் என்ற விடையைவிட, விடை தெரியும் முன்பே ஒரு சமூகம் என்ன செய்துவிடுகிறது என்பதில் கவனம் குவித்ததே இந்நாவலின் தனித்தன்மை. அவ்வகையில் துப்பறியும் கதையின் எல்லையைக் கடந்து சமூக நாவலாகவும் குடும்ப நாவலாகவும் வாசிக்கத்தக்க படைப்பு.