பூசாத முகத்தின் முதல் நிமிடம்

தொலைக்காட்சியில் மேக்கப் செய்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கடைசி நிமிடத்துக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு முதல் நிமிடம்தான் முக்கியம். மாடல் எதையும் பூசாமல் வந்து உட்கார்கிறார். கேமரா நெருங்குகிறது. மூக்கோரத்துச் சிவப்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தாடையில் ஆறிக்கொண்டிருக்கும் பரு, மேலுதட்டில் மெல்லிய ரோமம் எல்லாம் தெரிகின்றன. அந்த முகத்தில் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கொண்டே மேக்கப் கலைஞரின் தரத்தைச் சொல்லிவிடலாம். தன் கையை நம்புகிறவர் அங்கே அவசரப்பட மாட்டார்.

இந்த முதல் நிமிடத்தின் வலிமைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜேமி கெர்ன் லிமா. அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளராக இருந்தவர். கன்னமும் மூக்கும் சிவந்துபோகும் ரோசேசியா என்ற தோல் பிரச்சினை அவருக்கு உண்டு. ஸ்டூடியோ விளக்குகளின் கீழ், பூசிய மேக்கப்பையும் மீறி அந்தச் சிவப்பு வெளியே வந்துவிடும். தனக்குப் பொருந்தும் கன்சீலர் கிடைக்காமல், இட் காஸ்மெட்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2010 செப்டம்பரில், பென்சில்வேனியாவிலிருந்து ஒளிபரப்பாகும் கியூ.வி.சி. என்ற விற்பனைச் சேனலில் அவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. 6,000க்கும் மேற்பட்ட கன்சீலர்களை விற்றாக வேண்டும். விற்காதது திரும்பி வந்துவிடும். மாசு மருவற்ற மாடல்களை நிறுத்துங்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள். அவரோ தன் சிவந்த முகத்தின் படத்தையே திரையில் காட்டச் செய்தார். மாடல்களாக அழைத்து வந்ததும் பல வயது, பல நிறம், பலவிதத் தோல் பிரச்சினைகள் கொண்ட சாதாரணப் பெண்களைத்தான். பத்து நிமிடம் முடிவதற்குள் சரக்கு தீர்ந்தது. 2016இல் லோரியால் அந்த நிறுவனத்தை 120 கோடி டாலருக்கு வாங்கியது.

வியாபாரக் கதையாக இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் கலையைப் பற்றியும் அது ஒன்று சொல்கிறது. மாசற்ற முகத்தில் கன்சீலர் பூசிக் காட்டினால் அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மறைக்க ஒன்றுமில்லாத இடத்தில் மறைக்கும் திறமை தெரியாது. சிவந்த கன்னத்தில் தூரிகை ஒருமுறை போய்வந்ததும் பாதிச் சிவப்பு அடங்கி, மீதிப் பாதி பக்கத்திலேயே தெரிகிறதே, அந்த ஒரு நொடியில்தான் கலைஞரின் கணக்கு முழுவதும் வெளிப்படுகிறது.

அது நிறக் கணக்கு. சிவப்பை அடக்கப் பச்சை; நீலம் பாய்ந்த கருவளையத்துக்குப் பீச் நிறம்; மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் வரும் கருவளையத்துக்கு இன்னும் அழுத்தமான ஆரஞ்சு. பச்சை ஒரு சிட்டிகை கூடினால் கன்னம் சாம்பல் பூத்துவிடும். கருமையான இடத்தை வெளிறிய கன்சீலரால் மூடினாலும் அதே சாம்பல்தான். நம் ஊர் அம்மாக்கள் மங்கு என்று சொல்லும் பழுப்புத் திட்டுகளில் இந்தப் பிழை அப்பட்டமாகத் தெரியும்.

நிறத்தை மாற்றலாம், மேடு பள்ளத்தை மாற்ற முடியாது. பருவின் சிவப்பு மறையும், மேடு அப்படியே இருக்கும். அம்மைத் தழும்பின் கருமை போகும், குழி போகாது. அதை மறைப்பது மேக்கப் இல்லை, வெளிச்சம். விளக்கு பக்கவாட்டிலிருந்து விழுந்தால் ஒவ்வொரு மேடும் நிழல் போடும். நேர் எதிரே வைத்தால் நிழல்கள் காணாமல் போகும். ஆகவே, ‘முன்’ படத்தில் விளக்கு எங்கே இருந்தது, ‘பின்’ படத்தில் எங்கே போனது என்று கவனியுங்கள். முதலில் உம்மென்று தலையை வாரிக் கட்டியிருந்தவர், முடிவில் கூந்தலை விரித்துச் சிரிக்கிறாரா என்றும் பாருங்கள். காதையும் கழுத்தையும் பார்க்க மறக்காதீர்கள். ‘ஒன்றும் பூசாத’ முகம் ஒரே சீராக இருந்து, காது மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், ஃபவுண்டேஷன் ஏற்கெனவே ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நான் மிகவும் மதிக்கும் கை லிசா எல்ட்ரிட்ஜுடையது. இங்கிலாந்துக்காரர், 2015இல் லான்கோம் நிறுவனத்தின் மேக்கப் பிரிவுக்குப் படைப்பு இயக்குநரானவர். இணையத்தில் அவர் வெளியிடும் செய்முறைப் படங்கள் பலவற்றில் தன் பூசாத முகத்தோடுதான் தொடங்குவார். ஃபவுண்டேஷனைத் தேவையான இடத்தில் மட்டும் மெல்லியதாகத் தேய்ப்பார். பிறகு ஊசிமுனை போன்ற பிரஷ்ஷில் கெட்டியான கன்சீலரை எடுத்து, பரு இருக்கும் அந்தப் புள்ளியில் மட்டும் வைப்பார். புள்ளியைத் தொடாமல் அதன் விளிம்பை மட்டும் கரைப்பார். சுற்றியுள்ள தோல் தோலாகவே இருக்கும். மயிர்க்கால் தெரியும், மச்சம் தெரியும். முகம் முழுக்க மெழுகிவிட்டு, அதன்மேல் வெட்கச் சிவப்பையும் பளபளப்பையும் புதிதாக வரைவதைவிட இது எவ்வளவோ கடினம். எதைத் தொடாமல் விடுவது என்று ஒவ்வொரு அங்குலத்திலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

திரையும் மாறிவிட்டது. அமெரிக்காவின் பழைய தொலைக்காட்சியில் படத்துக்கு ஏறக்குறைய 480 வரிகள். உயர்தெளிவுத் திரையில் 1080. கண்ணோரச் சுருக்கத்தில் பவுடர் போய் உட்கார்வதுகூட இன்று வீட்டுக் கூடத்தில் தெரிகிறது. நல்ல கலைஞர் வேலை முடிந்ததும் மாடலைச் சிரிக்கச் சொல்வார். சிரிக்கும்போது கோடு விழாமல் இருந்தால் பூச்சு சரியாக அமைந்திருக்கிறது. இந்தச் சோதனையை நேரலையில் செய்யத் துணிகிறவர்களைக் கண்டால் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

நம் தமிழ்த் தொலைக்காட்சியில் அழகு நிகழ்ச்சி தயாரிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மங்கு படர்ந்த கன்னத்தோடு ஐம்பது வயதுப் பெண் ஒருவரை மாடலாக உட்காரவையுங்கள். பருத் தழும்புள்ள கல்லூரிப் பெண்ணை அழையுங்கள். அவர்களுடைய சொந்த நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷனைத் தேடிப் பூசுங்கள். இரண்டு படி வெளுப்பாக வேண்டாம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை விளக்கை நகர்த்தாதீர்கள். பூசுவதற்கு முன் ஒரு நிமிடமாவது கேமரா அந்த முகத்தில் நிற்கட்டும்.