இருபதாயிரம் அடி உயரத்தில் ஒரு மெக்கானிக்

முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலோர் சிவப்பு விமானத்தில் வந்த ஜெர்மானியர் ரிச்ட்ஹோஃபனில்தான் தொடங்குவார்கள். நான் ஜேம்ஸ் மெக்கடனில் தொடங்குவேன். பிரிட்டிஷ் படைக் கணக்கின்படி 57 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். எனக்கு அவரைப் பிடித்ததற்கு அந்த எண் காரணமில்லை. மற்றவர்கள் வீரத்தை நம்பி ஏறிய வானத்தில், அவர் வேலை தெரிந்தவராக ஏறினார். அந்த வேலைத்திறனைத்தான் இத்தனை ஆண்டுகளாக ரசித்து வருகிறேன்.

1895இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கில்லிங்ஹாம் என்ற ஊரில் ஒரு ராணுவ சார்ஜண்டின் மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதில் ராணுவத்தில் ஊதுகொம்பு ஊதும் பையன். 1913இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோரில் மெக்கானிக். போர் மூண்டதும் பிரான்சில் எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தார். பிறகு பின்னிருக்கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து, எதிரி விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் தன்னால் சுட முடியாது என்பதை உயிர்ப்பயத்தோடு கற்றார். விமானியாகச் சண்டைக்குப் போனது 1916இல்தான். உயர்குடியினரின் தனியார் பள்ளிகளில் படித்த கனவான் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த படையில், கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தவர். ஏறிய படி ஒன்றுகூட வீண்போகவில்லை.

அவர் வந்து சேர்ந்தபோது விமானச் சண்டை என்ற கலைக்கே வயது ஓரிரு வருடம்தான். 1915 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் ரோலான் காரோஸ், ப்ரொப்பெல்லர் இதழ்களில் எஃகுத் தகடு பொருத்தி அதன் ஊடாகவே சுட்டார். அதே மாதம் அவர் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். சில மாதங்களில் ஜெர்மனிக்கு விமானம் செய்துகொடுத்த ஃபோக்கரின் ஆட்கள், இதழ் குறுக்கே வரும் கணத்தில் துப்பாக்கி தானே ஓய்ந்து, விலகியதும் சுடுகிற பொறியைக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி விமானத்தையே குறி பார்த்து ஓட்டினால் போதும். ஓஸ்வால்ட் பெல்க்கே என்ற ஜெர்மானியர் 1916இல் சண்டைக்கான விதிகளை எழுதினார். சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், பின்னாலிருந்து தாக்கு, நெருங்கிய பிறகே சுடு, எதிரியின் எல்லைக்குள் இருக்கும்போது திரும்பும் வழியை மறக்காதே, கூட்டாகப் போ. 40 விமானங்களை வீழ்த்திய பெல்க்கே, அதே ஆண்டு அக்டோபரில் தன் சகாவின் விமானத்தோடு உரசி விழுந்து இறந்தார். வயது 25.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது நெருங்கிச் சுடு என்பதுதான். கேட்க எளிது. ஒரு விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் முன்னால் குறுக்கே போகிறது. 200 மீட்டர் தள்ளியிருந்து சுடுகிறீர்கள். தோட்டா போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் அந்த விமானம் பதின்மூன்று, பதினான்கு மீட்டர் நகர்ந்துவிடும். தன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். எவ்வளவு முன்னால் சுடுவது என்று, சுடுபவரின் விமானமும் அதிர்ந்துகொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கும்போது கணிக்க வேண்டும். நேர் பின்னால் வந்து, வால் கண்ணாடிச் சட்டத்தை நிரப்பும் அளவுக்கு நெருங்கிவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை. அவ்வளவு நெருங்கும்வரை விசையிலிருந்து விரலை விலக்கி வைத்திருக்கும் நிதானம் எத்தனை பேருக்கு வரும்?

மெக்கடனுக்கு வந்தது. 1917 ஆகஸ்டில் 56ஆம் ஸ்குவாட்ரனில் ஒரு பிரிவின் தலைவராகச் சேர்ந்த அவருக்குக் கிடைத்தது எஸ்.இ.5ஏ விமானம். மூக்கின் மேல் ஒரு விக்கர்ஸ் துப்பாக்கி, மேல் இறக்கையின் மேல் ஒரு லூயிஸ். லூயிஸின் தட்டில் 97 தோட்டா. அது தீர்ந்தால், வளைந்த தண்டவாளத்தின் மேல் துப்பாக்கியைத் தன் பக்கம் கீழே இழுத்து, முகத்தில் அறையும் காற்றில் கையுறையோடு பழைய தட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அந்த நேரம் முழுவதும் ஸ்டிக் முழங்கால்களுக்கு இடையில். இப்படிப்பட்ட கருவியை இன்னொருவர் தயார் செய்து தர, ஏறி உட்கார்ந்து பறந்துவிடுவதுதான் வழக்கம். மெக்கடன் துப்பாக்கிகளையும் குறிபார்க்கும் கண்ணாடியையும் தானே இலக்கு வைத்துச் சரிபார்த்தார். திருப்தி வரும்வரை மறுபடி மறுபடி பார்த்தார். கச்சேரிக்கு முன்னால் சீவாளியை ஊதி ஊதிப் பார்க்கும் நாயனக்காரரின் பொறுமை அது. எஞ்சினுக்கு அதிக அழுத்தம் தரும் பிஸ்டன்களைப் போடவைத்தார். தான் வீழ்த்திய ஒரு ஜெர்மன் விமானத்தின் மூக்குக் கூம்பைக் கழற்றிக் கொண்டுவந்து, சிவப்பு வண்ணம் பூசித் தன் விமானத்தில் மாட்டினார். வெற்றிச் சின்னமாக மட்டும் அதை அவர் மாட்டவில்லை. காற்று வழுக்கிப்போனால் வேகம் கொஞ்சம் கூடும் என்று பார்த்தார். கூடியது என்றும் நம்பினார்.

இந்தத் தயாரிப்பெல்லாம் எதற்கு என்றால், ரும்ப்ளர் என்ற ஜெர்மன் வேவு விமானத்துக்காக. இரண்டு பேர் உட்காரும் விமானம். புகைப்படம் எடுக்க மிக உயரத்தில் வரும். 20,000 அடியில் வருபவரை எந்தப் பிரிட்டிஷ் விமானமும் எட்டாது என்ற தைரியம் அவர்களுக்கு. பிஸ்டன் மாற்றிய எஸ்.இ.5ஏயில் மெக்கடன் எட்டினார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் பாதிகூட இல்லை. வடபிரான்சின் குளிர்காலம், திறந்த காக்பிட், ஆக்சிஜன் கிடையாது, பாராசூட் கிடையாது. இறங்கி வரும்போது தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். மறுநாளும் ஏறுவார். காலையில் தன் பிரிவை அழைத்துக்கொண்டு ரோந்து. பிறகு தனியாக இந்த வேட்டை.

வேட்டை என்று சொன்னாலும் பாதி நேரம் காத்திருப்புத்தான். தன் பக்கத்து எல்லையிலேயே உயரத்தில் சுற்றிக்கொண்டிருப்பார். கீழே பிரிட்டிஷ் பீரங்கிக் குண்டுகள் வெள்ளைப் புகையாக வெடிக்கும். ஜெர்மன் குண்டுகளின் புகை கருப்பு. வெள்ளைப் புகை தெரிந்த இடத்தில் எதிரி இருக்கிறார் என்று பொருள். உடனே பாய மாட்டார். எதிரிக்கும் அந்த எதிரியின் தளத்துக்கும் நடுவில் போய் நிற்கும்படி சுற்றிவருவார். பிறகு, பின்னால் கொஞ்சம் கீழே, நூறு கஜத்துக்குள் வந்து சேர்வார். அங்கேதான் அவருடைய பழைய பின்னிருக்கை அனுபவம் வேலை செய்தது. அந்தக் கோணத்தில் ஜெர்மன் துப்பாக்கிக்காரரின் கண்ணையும் குழலையும் அவருடைய விமானத்தின் வாலே மறைக்கும். சுட்டால் சொந்த வாலைத்தான் சுட வேண்டும். ரும்ப்ளர் திரும்பினால் மெக்கடனும் கூடவே திரும்பி அந்த மறைவிலேயே தங்குவார். 1917 டிசம்பர் 23 அன்று ஒரே நாளில் இப்படி இருவர் உட்காரும் விமானங்கள் நான்கை வீழ்த்தினார்.

நான்கு விமானம் என்றால் எட்டுப் பேர். இந்த நுட்பத்தை ரசிக்கும்போது அதை ஒதுக்கிவைக்க என்னால் முடியாது. அவராலும் முடியவில்லை. எதிரி தன்னைப் பார்க்காமலே அவரைச் சுடுவது தன் கொள்கைக்குப் பொருந்தினாலும் மனத்துக்கு ஒவ்வவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

பார்த்துக்கொண்டே மோதிய சண்டையும் ஒன்று உண்டு. 1917 செப்டம்பர் 23 மாலை, பெல்ஜியத்தில் போல்காப்பல் பக்கம். ஜெர்மன் விமானி வெர்னர் வோஸ், வயது இருபது, 48 வெற்றிகள். ஃபோக்கரின் புதிய மூன்றடுக்கு இறக்கை விமானத்தில் தனியாக, 56ஆம் ஸ்குவாட்ரனின் தேர்ந்த விமானிகளோடு ஏறக்குறையப் பத்து நிமிடம் மோதினார். அந்தச் சிறிய விமானம் நின்ற இடத்திலேயே திரும்பி எதிரே வந்து சுடும். வேகத்தில் எஸ்.இ.5ஏ மேல், உயரே ஏறுவதில் வோஸின் விமானம் மேல். நினைத்திருந்தால் ஏறித் தப்பியிருக்கலாம். அவர் நின்று ஆடினார். எதிராளிகளின் விமானங்களைத் துளைத்தெடுத்தார். கடைசியில் அவரை வீழ்த்தியவர் ஆர்தர் ரீஸ் டேவிட்ஸ். இலங்கையில் அரசுப் பணியில் இருந்தபோது பாலி கற்று, பிறகு பாலி நூற்கழகத்தை நிறுவிய டி.டபிள்யூ. ரீஸ் டேவிட்ஸின் மகன். அவருக்கும் அப்போது இருபது முடியவில்லை. அடுத்த மாதமே போரில் இறந்தார். வோஸின் விமானம் தரையில் மோதிச் சிதறியதைப் பார்த்த மெக்கடன், தான் சண்டையிட்ட ஜெர்மானியர்களிலேயே பெரிய வீரர் அவர்தான் என்று மனமாரப் பாராட்டினார்.

பறத்தலின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் வோஸின் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடு கிடையாது. ஆனாலும் சாதகமில்லாத சண்டையைக் கூச்சமில்லாமல் விட்டுவிட்டு வருகிற மெக்கடனின் அறிவைத்தான் நான் மேலாக வைப்பேன். தம்பி ஆன்டனிக்கு அந்த நிதானம் கைவரவில்லை. அவரும் போர் விமானி, துணிச்சல்காரர். 1918 மார்ச்சில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அண்ணன் வில்லியம் 1915இலேயே விமான விபத்தில் போயிருந்தார்.

1918 ஜூலை 9 அன்று, 60ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமையேற்கப் போகும் வழியில், பிரான்சில் ஓசி-ல-ஷாத்தோ என்ற ஊரில் வழி கேட்க இறங்கினார் மெக்கடன். மறுபடி கிளம்பிய சில கணங்களில் எஞ்சின் தகராறு செய்து விமானம் மரங்களுக்கிடையே விழுந்தது. அன்றே இறந்தார். வயது 23.

அவர் எழுதிவைத்த நினைவுநூல் அதன் பிறகுதான் அச்சேறியது. அதில் வெற்றிகளைவிட நான் தேடிப் படிப்பது, எதிரி தப்பிப்போன இடங்களை. துப்பாக்கி அடைத்துக்கொண்டது, எஞ்சின் முரண்டு பிடித்தது, காற்று எதிரியின் பக்கம் தள்ளியது என்று பழி எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டே போகிறார். அன்று மாலை அவர் எங்கே இருந்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டாம். கொட்டகையில், அந்தத் துப்பாக்கியைப் பிரித்துக்கொண்டு.