விலை உள்ளே இருக்கிறது

கடையில் அருகருகே இரண்டு கேனன் எஸ்.எல்.ஆர். கேமராக்கள். மெகாபிக்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான். விலையோ பல மடங்கு வித்தியாசம். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாலே பாதி விளங்கிவிடும். மலிவானதில் சிறு ஆடிகள் ஒளியைத் திருப்புகின்றன. காட்சி சற்று மங்கல், ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். விலை கூடிய 1டி எக்ஸில் அந்த வேலையைச் செய்வது கடைந்தெடுத்த ஒரே கண்ணாடிக் கட்டி. காட்சி முழுதாக, பளிச்சென்று விரியும். அந்தக் கண்ணாடிக்கே காசு கொடுக்கலாம் என்பேன்.

1டி எக்ஸின் சென்சார் 36 × 24 மி.மீ.; மலிவானதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பரப்பு. சிலிக்கான் தட்டொன்றில் அத்தகைய துண்டுகள் குறைவாகவே தேறும்; சிறு பழுது விழுந்தாலும் பெரிய துண்டே வீண். ஷட்டர் 4 லட்சம் முறை திறந்து மூடும்படி சோதிக்கப்பட்டது. உடம்பு மெக்னீசியக் கலவை, மூட்டுகளில் தூறலைத் தடுக்கும் ரப்பர்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு கார்டு வசதி. தாலி கட்டும் நொடியை மறுபடி எடுக்க முடியாது. இரண்டிலும் பதியும்படி வைத்தால், ஒரு கார்டு பழுதானாலும் அதே படம் இன்னொன்றில் பத்திரமாக இருக்கும்.