தப்பியோடியவர் யார்?

போலீசார் கைகாட்டியும் நில்லாமல் வண்டியைச் செலுத்திச் சென்றவனை நம் நாளிதழ்கள் ‘தப்பியோடினான்’ என எழுதுகின்றன. ஆளை மோதிவிட்டு நில்லாமற் போனவனும் ‘தப்பியோடினான்’. காவலிலிருந்து கைவிலங்கோடு ஓடியவனும் ‘தப்பியோடினான்’. மூவர்க்கும் ஒரே சொல். இது செய்தி எழுதுவோர்க்கு எளிது. மாணவர்க்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டும் நமக்கு இடர்.

சட்டம் இம்மூன்றையும் ஒன்றாகக் கொள்ளவில்லை. விபத்துக்குப்பின் நிற்கவேண்டிய கடமையை 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. காவலிலிருந்து ஓடுவது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். போலீசாரைக் கண்டு வண்டியை விரட்டியவன்மீதோ வேறு குற்றங்கள் சாட்டப்படலாம். பொது ஊழியரின் கடமைக்குத் தடையாயிருத்தல் ஒன்று: தண்டனைச் சட்டம் 186ஆம் பிரிவின்படி 2 ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். அபாயகரமாக ஓட்டுதல் மற்றொன்று: போக்குவரத்துச் சட்டம் 42ஆம் பிரிவின்படி 5 ஆண்டுவரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் அபராதமும்.

ஜொகூர்த் தோட்டங்களில், லைசென்ஸ் எடுக்குமுன்னரே மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகிய பிள்ளைகள் உண்டு. செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் பழகிய கை, பெருஞ்சாலைக்கு வந்ததும் சாலைத் தடுப்பைக் கண்டு நடுங்குகிறது; வண்டி திரும்புகிறது. லைசென்ஸ் இல்லாமைக்கு 300 முதல் 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது 3 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அதற்கு அஞ்சியவன் எதைத் தலையில் ஏற்றிக்கொள்கிறான் என்பதை மேலே உள்ள எண்களோடு வைத்துப் பார்க்க. வண்டியெண் பலகை அவனுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

‘தப்பு’ என்னும் சொல் பிழைத்து வெளியேறுதலையும் குறிக்கும், தவறுதலையும் குறிக்கும். ‘பிழை’ என்பதற்கும் இவ்விரு பொருளுண்டு. ஆயினும் பதினாறு வயதுக் காதில் ‘தப்பித்தான்’ என்பது கெட்டிக்காரத்தனமாகவே விழுகிறது. என் மனக்குறை அதுதான்.

‘சொல்லில் என்ன இருக்கிறது, கருத்துத்தானே வேண்டும்’ என்பார் சில நண்பர்கள். ஷா ஆலாமில் 2010 ஏப்ரலில் 14 வயது மாணவன் ஒருவன் காரில் நில்லாமற் சென்றான். துரத்திய போலீசாரின் குண்டு பட்டு இறந்தான். சுட்ட காவலருக்கு 2011இல் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2012இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. தீர்ப்புகளை எடைபோடுவது என் வேலையன்று. ஓடியதற்கு மரணம் எந்தப் பிரிவிலும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன். ‘தப்பியோடிய ஆசாமி’ என்று படித்துப் பழகியவன், அவனைக் கொள்ளைக்காரர் வரிசையிலே வைத்துவிடுகிறான். விசாரணைக்கு முன்பே சொல் தீர்ப்பெழுதி முடிக்கிறது.

‘நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமற் சென்றார்’, ‘மோதிவிட்டு நில்லாது போனார்’, ‘காவலிலிருந்து தப்பினார்’ என எழுதினால் கூடுவது ஓரிரு சொல்லே. ஆறாம் வகுப்பு வாக்கியப் பயிற்சியில் இம்மூன்றையும் தந்து, வேறுபாடு கேட்கலாம்.