லட்ச ரூபாய்ப் பழசு

நமக்குத் தெரிந்த சைக்கிள் இரண்டு ரகம். பால்காரர் ஓட்டியது, ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுப்பது. இப்போது மூன்றாவதாக ஒன்று: ‘மாடர்ன் கிளாசிக்’. பார்வைக்கு 1970-களின் ரேஸ் சைக்கிள், உள்ளே இன்றைய கியர். ரெடிமேடாக வாங்கினால் கௌரவக் குறைச்சலாம். ஃபிரேம் ஓரிடம், சக்கரம் ஓரிடம் என்று பொறுக்கிச் சேர்த்துக் கட்ட வேண்டும்.

பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் நண்பர் அப்படி ஒன்று கட்டி முடித்திருக்கிறார். செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. (பி.காம். படித்தவனுக்குச் சைக்கிளைப் பார்த்தாலும் தேய்மானக் கணக்குத்தான் ஓடுகிறது.) “எழுதுங்க ஸார், ஆனா உள்ளதை எழுதணும்” என்றார்.

குரோமோலி ஸ்டீல் ஃபிரேம் எடுத்தது சரி. ஒல்லிக் குழாயின் அழகு ஸ்டீலில்தான் வரும். அலுமினியம் பருத்தால்தான் விறைப்பாக நிற்கும். ஸ்டீல் நமக்கு அந்நியமும் இல்லை. 1949-ல் முருகப்பா குழுமம் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபோது கைகோத்தது இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். 1935-ல் வந்து, ஐரோப்பிய ரேஸ்காரர்கள் பல வருஷம் கொண்டாடிய ரெனால்ட்ஸ் 531 குழாய் அந்த வீட்டுச் சரக்குதான். அம்பத்தூருக்கு வந்தது என்னவோ சுமை தூக்கும் ஹெர்குலிஸ்!

டயர் 28 மில்லிமீட்டர். இதுவும் சரி. பழசு மாதிரியே இருக்கணும் என்று 23 போட்டிருந்தால், திருத்தணி போய்வருவதற்குள் முதுகு பேசியிருக்கும். அகல டயரும் மட்கார்டும் வேண்டுமென்றால் பிரேக்குக்குக் கை நீளமாக இருக்க வேண்டும். சாதாரண ரோடு பிரேக் 49 மி.மீ. வரைதான் எட்டும், நீளக் கை 57 வரை. ஃபிரேம் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம். செய்திருக்கிறார். பாவு பூட்டும்போதே சேலையைப் பார்க்கிறவர் இல்லையா?

இனி சண்டை.

ஹேண்டில்பார், ரிம், ஹப் எல்லாம் வெள்ளி நிறம். நடுவில் பருமனாக ஒரு கறுப்புக் கிராங்க். பட்டு வேட்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ! ஷிமானோவின் அதே 11 ஸ்பீடு 105 வெள்ளியிலும் வந்தது. கடையில் கறுப்புதான் இருந்ததாம், பொறுமை போய்விட்டதாம். அடுத்து வந்த 12 ஸ்பீடு 105 டிஸ்க் பிரேக்குக்கானது, நிறமும் கறுப்பு. வெள்ளி வேண்டுமென்றால் பழைய ஸ்டாக்கைத் தேடித்தான் அலைய வேண்டும். அலைந்திருக்கலாம்.

பெயின்ட் விஷயத்தில்தான் எனக்கு நிஜமான கோபம். நிறத்தில் அல்ல, அரக்குச் சிவப்பில் மெல்லிய கடுகு மஞ்சள் கோடு, கரை போட்ட சேலை மாதிரி ஜோர். ஆனால் அடித்தது பவுடர் கோட்டிங். பொடியைத் தூவி, 200 டிகிரி வாக்கில் சூளையில் உருக்குவது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் பிரமாதம். குழாய்கள் சேரும் இடத்தில் ‘லக்’ என்று ஓர் உறை உண்டு. அதன் ஓரத்தைக் கூராகச் சீவுவதில்தான் கைவேலையே இருக்கிறது. கெட்டிப் பூச்சில் அது மொழுமொழு என்றாகிவிட்டது. மெல்லிய ஸ்ப்ரே பெயின்ட், கல் பட்டால் பெயரும்தான். ஆனால் வேலைப்பாடு தெரியும்.

“துரு பிடிக்காதே ஸார்” என்கிறார். உப்புக் காற்று வீசும் எண்ணூர்க்காரர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். பொதட்டூர்பேட்டைக்கு ஏது கடல்?

கிராங்க்கை மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெயின்ட் பேச்சை எடுத்தால் மட்டும் தறிச் சத்தத்தில் காது கேட்கவில்லையாம்.