குரலிழந்த கலைஞரின் நூல்

மேடைக் கலைஞர் ஒருவர் தம் கலையை விட்டு விலகி, பிறருக்கு நிற்கவும் இருக்கவும் மூச்சு விடவும் கற்பிக்கும் ஆசிரியராக மாறுவது, மேலோட்டமாக நோக்குவார்க்கு ஓர் இறக்கமாகவே தோன்றும். அங்ஙனம் மாறியோருள் முதன்மையானவர் எஃப். எம். அலெக்சாந்தர் (1869 - 1955). ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பிறந்த அவர், ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதிகளை மேடையில் ஒப்புவிக்கும் கலைஞராக விளங்கியவர். 1904இல் இலண்டன் சென்று ஆசிரியராக நிலைத்தவர். 1932இல் வெளிவந்த அவருடைய 'தி யூஸ் ஆஃப் தி செல்ஃப்' என்னும் நூலின் முதல் இயல், அம்மாற்றம் நேர்ந்த வரலாற்றைக் கூறுகின்றது. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அவ்வியலைத் தவறாது படித்தல் வேண்டும் என்பேன். நூல் முழுவதையும் படிக்க வேண்டுமா என்பது வேறு வினா.

மேடையில் ஒப்புவிக்கும்போது அவர் குரல் கம்மியது. மருத்துவர் குரலுக்கு ஓய்வு தரச் சொன்னார். ஓய்வில் குரல் தெளிந்தது. மேடையேறிய அன்றே மீண்டும் கெட்டது. அவ்வாறாயின், ஒப்புவிக்கும்போது தாம் செய்யும் ஏதோ ஒன்றுதான் குரலைக் கெடுக்கின்றது என்று உய்த்துணர்ந்த அலெக்சாந்தர், கண்ணாடி முன் நின்று தம்மைத் தாமே நோக்கலானார். வாய் திறக்குமுன் தலை பின்னோக்கி இழுபடுவதையும், குரல்வளை அழுத்தப்படுவதையும், வாய்வழியே மூச்சு ஓசையுடன் உள்ளிழுக்கப்படுவதையும் கண்டார். பின்னர்த் தலையை முன்னே வைத்துப் பேச முயன்றார். வைத்துவிட்டதாகவே உணர்ந்தார். பக்கங்களில் மேலும் இரு கண்ணாடிகளை நிறுத்திப் பார்த்தபோதோ, தலை பின்னே சென்றிருந்தது!

இவ்விடமே நூலின் உயிர்நிலை. தவறான பழக்கத்தில் ஊறியவனுக்குத் தவறே சரியெனத் தோன்றும். அவனுடைய உணர்வை அளவுகோலாகக் கொள்ள இயலாது. நம் வகுப்பறைகளில் 'நிமிர்ந்து நில்' என்று நாள்தோறும் ஆணையிடுகின்றோம். மாணவன் நெஞ்சைத் தூக்கி, இடுப்பை வளைத்து, மூச்சை அடக்கி நிற்கின்றான். தான் நிமிர்ந்து நிற்பதாகவே நம்புகின்றான். நாமும் நம்புகின்றோம்.

இன்னொரு செய்தி ஆசிரியர்களாகிய நம்மை நேராகவே தைக்கின்றது. ஒப்புவிக்கும்போது பாதங்களால் தரையைப் பற்றிக்கொள்ளுமாறு அலெக்சாந்தருக்கு முன்பு ஓர் ஆசிரியர் கற்பித்திருந்தார். அவரும் கால்விரல்களை இறுக்கி மடக்கியே நின்றார். அவ்விறுக்கம் உடல் முழுவதிலும் பரவிய இறுக்கத்தின் ஒரு பகுதி என்பதைப் பின்னரே கண்டுகொண்டார். நல்லெண்ணத்துடன் கூறிய அறிவுரை, நல்ல மாணவனிடத்தே கேடாக முடிந்தது. செய்யுள் ஒப்புவித்தல் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவோர் இப்பகுதியை இருமுறை படிக்கலாம்.

அவர் கண்ட தீர்வு, புதியதொன்றைச் செய்வதன்று. பழையதைச் செய்யாது நிறுத்துவது. ஒரு தொடரைச் சொல்ல எண்ணிய கணத்தில் உடனே சொல்லாமல் நின்று, சொல்வதா, சொல்லாதிருப்பதா, அன்றிக் கையைத் தூக்குவது போன்ற வேறொன்றைச் செய்வதா என அப்போது முடிவு செய்தல். இப்பயிற்சியை நெடுங்காலம் செய்தார். மேடையையே நம்பி வாழ்ந்தவர்க்கன்றி இத்தகைய பொறுமை வாய்ப்பது அரிது. உடலே கருவியாக உடையவன், அக்கருவி பழுதுற்றால் வேறு கருவி வாங்க இயலாதன்றோ?

பிற்காலத்தில் இவ்வழியில் வந்தோர் பலர் இசைக் கலைஞர்களே. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செல்லோ கற்பித்த வில்லியம் கானபிள், மாணவர்கள் தம் உடலின் உண்மை அமைப்பின்படி அசைவதில்லை, அவ்வமைப்பைப் பற்றி மனத்தில் கொண்டுள்ள படத்தின்படியே அசைகின்றனர் என்று கண்டார். தோள் மூட்டும் இடுப்பு மூட்டும் எங்குள்ளன என்பதைத் தவறாக எண்ணுபவன், வாசிக்கும்போதும் தவறாகவே வளைகின்றான். அலெக்சாந்தர் பல பக்கங்களில் கூற முயன்றதினும் இது தெளிவாக உள்ளது என்பது என் கருத்து.

நூலின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. முதல் இயலுக்கு அப்பால் நடை கனத்து விடுகின்றது. கூறியது கூறல் மிகுகின்றது. கலைஞர் பேசிய இடத்தில் கொள்கையாளர் வந்து அமர்ந்து கொள்கின்றார். மருத்துவக் கல்வியைத் திருத்தப் புகும் இறுதி இயலில், தம் கண்ணாடி காட்டிய எல்லைக்கு வெளியே அவர் நெடுந்தொலைவு சென்றுவிடுகின்றார். 1910இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில் பிற இன மக்களைத் தாழ்த்தியுரைக்கும் பகுதிகள் உள்ளன. அவற்றை அக்காலத்து வழக்கம் என்று கூறி நாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தத்துவ அறிஞர் ஜான் டூயி முன்னுரை தந்தார் என்பதும், டின்பர்கன் 1973இல் தம் நோபல் உரையில் இம்முறையைப் புகழ்ந்தார் என்பதும் பெருமைக்குரியனவே; ஆயினும் புகழுரை சான்றாகாது. 2008இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வுதான் வலுவான சான்று. நாட்பட்ட முதுகுவலியால் வருந்திய 579 பேரை உட்படுத்திய அவ்வாய்வில், இம்முறையில் 24 பாடங்கள் பெற்றோர்க்கு ஓராண்டு கழிந்த பின்னும் பயன் நிலைத்திருந்தது. அது முதுகுவலிக்குரிய சான்று; நூல் கூறும் பிற அனைத்திற்கும் உரியதன்று.

இந்நூலைப் படித்து இக்கலையைக் கற்றுவிடலாம் என எண்ணுதலும் வேண்டா. ஆசிரியர் தம் கையால் மாணவனின் தலையையும் கழுத்தையும் மெல்லத் தொட்டு வழிகாட்டுவதே அலெக்சாந்தரின் கற்பிக்கும் முறை. 1931இல் அவர் தொடங்கிய ஆசிரியர் பயிற்சியும் அம்முறையிலேயே அமைந்தது. தாம் பல்லாண்டுகள் கண்ணாடி முன் தனித்து நின்று கண்டதை, மாணவன் தனித்து நின்று காண வேண்டும் என்று அவர் விடவில்லை.