கதவில்லாத வீடு

பிரித்தானியச் சிற்பக்கலையின் அண்மைக்கால வரலாற்றைப் பற்றிக் கனமூலையில் இருந்துகொண்டு எழுதவேண்டிய தேவை என்ன என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். தென்னந்தோப்பும் உப்பளமும் களப்பும் நிறைந்த இந்தப் புத்தளக் கரையிலே சிற்பம் என்றதும் தலவிலை அன்னம்மாள் தேவாலயத்துச் சுரூபங்களும், முன்னேசுவரத்துப் பதுமைகளும், உடப்புத் திரௌபதை அம்மனுமே நினைவுக்கு வரும். எமது ஊரில் அவையும் இல்லை. பள்ளிவாசற் சுவரில் உருவம் எதையும் எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் முற்போக்காளர் எனத் தம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் நெடுங்காலமாக ஒரு தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். மனித உருவத்தைக் காட்டும் சிற்பம் மக்கள் கலை, உருவத்தைத் துறந்த சிற்பம் முதலாளித்துவச் சீரழிவு என்பதே அத்தீர்ப்பு. அது எவ்வளவு அவசரமானது என்பதை எமக்கு உணர்த்தியது, கிழக்கு இலண்டனில் ஏறத்தாழப் பதினொரு கிழமைகள் மட்டும் நின்று, பின் இடிக்கப்பட்ட ஒரு கொங்கிறீட் வீடு.

ஹென்றி மூரிடமிருந்து தொடங்குவதே நேர்மையாகும். 1898இல் யோர்க்‌ஷயரின் காசில்ஃபோர்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மன் குண்டுவீச்சுக்கு அஞ்சி நிலத்தடி ரயில் நிலையங்களில் போர்வையை இழுத்து மூடிப் படுத்துறங்கிய இலண்டன் மக்களை அவர் வரைந்தார். அச்சித்திரங்களின் நினைவே 1957-58இல் உருவான 'துகில் போர்த்து அமர்ந்த பெண்' என்னும் வெண்கலச் சிலையில் மீண்டும் உயிர்பெற்றது. 1962இல் இலண்டன் மாவட்ட சபைக்கு அதனைச் சந்தை விலையிலும் குறைந்த விலைக்கு மூர் கொடுத்தார். எளிய மக்கள் வாழுமிடத்தில் அது நிற்கவேண்டும் என்பது நோக்கம். அவ்வாறே ஸ்டெப்னியில் ஸ்டிஃபோர்ட் குடியிருப்பின் அடுக்குமாடிகளுக்கு நடுவே அது வைக்கப்பட்டது. குடியிருந்தோர் அதற்கு 'ஃப்ளோ கிழவி' என்று செல்லப்பெயர் சூட்டினர். பிள்ளைகள் அவள் மடிமீது ஏறி விளையாடினர். ஒரு சிலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன வேண்டும்?

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. 1997இல் சிலை யோர்க்‌ஷயரின் சிற்பப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012இல் நிதி நெருக்கடியைக் காட்டி அதனை விற்றுவிட உள்ளூர் மன்றம் முனைந்தது, எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் 2017இல் கிழவி கிழக்கு இலண்டனுக்குத் திரும்பினாள். ஆனால் அவள் அமர்த்தப்பட்ட இடம் கனரி வோர்ஃப். துறைமுகத் தொழிலாளர் மூட்டை சுமந்த நிலத்தின்மீது வங்கிக் கோபுரங்கள் எழுந்த இடம் அது. நலன்புரி அரசு எங்கே தொடங்கி எங்கே வந்து நின்றது என்பதை நூறு பக்கத்தில் எழுதலாம். இந்த ஒரு சிலையின் பயணமும் அதையே சொல்லும்.

மூரிடம் உதவியாளராயிருந்த அந்தனி கரோ, குருவின் வழியை விட்டு உருக்குத் தகடுகளையும் குழாய்களையும் ஒட்டிச் சாயம் பூசி, பீடம் ஏதுமின்றி வெறுந்தரையில் நிறுத்தினார். 1962இல் ஆக்கிய 'ஒரு நாள் அதிகாலை' முழுச் சிவப்பு. பீடத்தைத் தள்ளியது சிறிய காரியமன்று. வீரரும் மன்னரும் ஏறி நின்று எம்மைக் கீழே நோக்கிய உயரமல்லவா அது! ஆயினும் கரோவின் கலையில் தொழிற்சாலையின் உருக்கு வந்தது, தொழிலாளி வரவில்லை என்ற குறை எமக்கு இன்றும் உண்டு.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நிகழ்ந்ததே எமக்கு முக்கியம். 1979 தேர்தலில் தச்சர் அம்மையாரின் கட்சிக்கு வேலையில்லாதோர் வரிசையைக் காட்டிச் சுவரொட்டி தயாரித்துக் கொடுத்த விளம்பர நிறுவனத்தின் கூட்டாளியான சார்ள்ஸ் சாட்சியே, பின்னர் இளஞ்சிற்பிகளின் பெரும் புரவலரானார். அவர் பணத்தில்தான் 1991இல் டேமியன் ஹேர்ஸ்ட் சுறா ஒன்றை ஃபோமலின் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் மிதக்கவிட்டார். அவுஸ்திரேலியக் கடலில் ஒரு மீனவர் பிடித்துக் கொடுத்த சுறா அது. சாவைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை என்று விமர்சகர் எழுதிக் குவித்தனர். அச்சுறா நாளடைவில் அழுகிச் சிதைய, 2006இல் வேறொன்றை அவ்விடத்தில் வைத்தனர். கற்பிட்டியில் சுறாவை அறுத்து உப்பிட்டுக் காயவைப்பவரிடம் இக்கதையைச் சொன்னால், கெடாமல் வைக்கத் தாமே வழி சொல்லிக் கொடுத்திருப்போம் என்பார்கள். இதன் பின்னே சந்தை ஒன்றைத் தவிர வேறெந்த வாழ்க்கையையும் எம்மால் காண இயலவில்லை.

அந்தனி கோம்லியை அவ்வாறு தள்ளிவிட முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கிப் பௌத்த தியானம் பயின்றவர் அவர். 1998இல் கேட்ஸ்ஹெட்டில் அவர் எழுப்பிய 'வடக்கின் வானதூதன்' (எம்மவர் மலக்கு என்பர்) 20 மீற்றர் உயரமும், இறக்கைக்கு இறக்கை 54 மீற்றர் அகலமும், 200 தொன் நிறையும் கொண்டது. முன்பு நிலக்கரித் தொழிலாளர் குளித்துக் கரி கழுவிய சுரங்க வளவிலே அது நிற்கிறது. 1984-85இல் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்து தோற்கடிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளரின் வடகிழக்கு நாடு அது. ஹார்ட்டில்பூலின் உருக்குத் தொழிலாளர் அதனைத் துண்டு துண்டாக ஆக்கிச் சேர்த்தனர். நூறு மைல் வேகப் புயலுக்கும் அசையாத அந்த வேலைத்திறனுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் செலவான எட்டு இலட்சம் பவுணில் பெரும்பங்கு லொத்தர்ப் பணம். சுரங்கம் மூடிய கரங்கள் தொழிலுக்குப் பதிலாகச் சிலையைக் கொடுத்தன. அதற்கும் ஏழைகளே சீட்டு வாங்கினர். வானதூதனின் உடல் சிற்பியின் சொந்த உடலிலிருந்து எடுத்த அச்சு. மனித உருவம் இருக்கிறது, ஆனால் கரி படிந்த மனிதன் அதில் இல்லை.

ஆண்டு வரிசையை மீறி 'வீட்டை' இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. டவர் ஹாம்லெட்ஸில் குரோவ் வீதியிலே தொழிலாளர் வாழ்ந்த தொடர்வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, கடைசியில் 193ஆம் இலக்க வீடு மட்டும் எஞ்சியது. ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் வெளியேற நெடுநாள் மறுத்தமையே அது எஞ்சக் காரணம். அவர் போனபின், 1963இல் பிறந்த றேச்சல் வைற்றீட் என்ற இளம் சிற்பி அதன் உட்சுவர்களின்மேல் கொங்கிறீட்டைப் பீச்சியடித்து இறுகவைத்து, பிறகு புறச்சுவரையும் கூரையையும் உரித்தெடுத்தார். எஞ்சியது வீடன்று, வீட்டுக்குள் இருந்த வெளியின் வார்ப்பு. அடுப்படிக் குழி வெளியே துருத்தி நின்றது. கதவுக் குமிழ் பள்ளமாயிற்று. ஒரு குடும்பம் மூச்சுவிட்ட காற்று கல்லாகி வீதியைப் பார்த்தது.

அதே 1993இன் செப்டெம்பரில், அதே டவர் ஹாம்லெட்ஸின் மில்வோல் வட்டார இடைத்தேர்தலில், பிரித்தானிய தேசியக் கட்சி என்ற இனவெறிக் கட்சி தன் முதல் ஆசனத்தை வென்றது. வீடில்லாக் குறைக்கு வங்காள முஸ்லிம்களே காரணம் என்பதே அதன் பிரசாரம். இப்பின்னணியை விட்டு 'வீட்டை' வெறும் வடிவப் புதுமை என்று பேசும் விமர்சனம் எமக்கு உடன்பாடன்று. அச்சுவரில் ஒருவர் 'எதற்கு?' என்று எழுத, இன்னொருவர் 'ஏன் கூடாது?' என்று பதில் எழுதினார். கலைக்கூடத்தில் எந்தச் சிற்பத்தோடு மக்கள் அப்படி வழக்காடினர்? நவம்பர் 23இல் வைற்றீட்டுக்கு டர்னர் பரிசு கிடைத்தது. அதே நாளில் உள்ளூர் மன்றம் இடிப்பதற்கு வாக்களித்தது. 1994 ஜனவரி 11இல் இயந்திரம் வந்தது.

அந்தச் சிற்பத்தின் படத்தை, 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எழுபத்தையாயிரம் முஸ்லிம்கள் வரையானோருள் ஒருவரான முதிய பெண்மணி ஒருவரிடம் காட்டினோம். புத்தளக் கரையின் ஓலைக் குடிசையில் தொடங்கி, இங்கேயே பேரப்பிள்ளை கண்டவர். நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குக் கதவு எங்க தம்பி?"

"இல்லை உம்மா. உள்ளே போக முடியாது. உள்பக்கந்தான் கல்லாய் நிற்கிறது, சுவர் இல்லை."

"எங்கட வீட்ட போய்ப் பார்த்தன். சுவர் நிக்குது. உள்ளுக்குத்தான் காடு."

படத்தைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டார். சிற்பம் என்பது என்ன என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. மனித உருவம் ஒன்றுகூட அதில் இல்லை என்பதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. எமது பழைய தீர்ப்பை அவர்முன் வாய்விட்டுச் சொல்ல எமக்குத் துணிவு வரவில்லை.

குரோவ் வீதியில் அந்த இடம் இப்போது புல்வெளி.